கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிரிண்டர் ஏன் கண்ணில் படவில்லை? உள்ளூர் நெட்வொர்க்கில் சேவை கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது: இரண்டு மாடி, ஒன்பது கணினி, இரண்டு பிரிண்டர், ஃபைல்களைப் போட்டுவைக்க ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று. பெரும்பாலும் டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் சேவை கண்டறியும் மென்பொருளான அவாஹியை வைத்துப் பேசுகிறேன். விண்டோஸ், மேக், போன்கள் குறுக்கே வரும் இடங்களில் அவற்றையும் தொட்டிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

சேவை கண்டறிதல் என்றால் என்ன?

நெட்வொர்க்கில் புதிதாக ஒரு பிரிண்டர் சேர்கிறது. அதன் ஐபி முகவரியை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் பிரிண்ட் கொடுக்கப் போனால் லிஸ்டில் அது நிற்கிறது. அந்த வேலைதான் இது. "என் பெயர் இன்னது, இன்ன வேலை செய்வேன், இந்தப் போர்ட்டில் கிடைப்பேன்" என்று பிரிண்டர் அறிவிக்கிறது. "பிரிண்ட் செய்கிறவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கணினி கேட்கிறது. நடுவில் பட்டியல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சர்வர் கிடையாது.

கூப்பிடு தூரம் என்கிறோமே, அதுதான் இதன் எல்லை. கேள்விகள் போய்ச் சேர்வது மல்டிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது கேட்க விரும்பும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் பொது முகவரிக்கு: 224.0.0.251, யூடிபி போர்ட் 5353. ஐபிவி6-ல் எஃப்எஃப்02::எஃப்பி. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை எந்த ரவுட்டரும் ஒரு நெட்வொர்க்கில் இருந்து இன்னொன்றுக்குக் கடத்தக் கூடாது என்பது விதி. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் வேஷம் மாற்றி வந்த ஒரே கேள்விதான்: குரல் எங்கே அடைபடுகிறது?

ஜீரோகான்ஃப், பான்ஜூர், எம்டிஎன்எஸ், அவாஹி: எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஒரே குடும்பம். வழக்கமாகப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். எம்டிஎன்எஸ் என்பது அதையே சர்வர் இல்லாமல் செய்யும் முறை. டாட் லோக்கல் என்று முடியும் பெயர்கள் இதற்கானவை. டிஎன்எஸ்-எஸ்டி என்பது அதன் மேல் உட்கார்ந்து, "யார் யாரிடம் என்ன சேவை இருக்கிறது" என்று சொல்லும் முறை. இரண்டும் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தரநிலை ஆவணங்களாக, 6762, 6763 என்ற எண்களில் 2013 பிப்ரவரியில் வெளிவந்தன. எழுதியவர்கள் ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷயர், மார்க் க்ரோக்மல்.

ஆனால் ஆப்பிள் அதற்கு முன்பே, 2002-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-ல், ராண்டேவூ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பெயர் ஏற்கெனவே தங்களுடையது என்று டிப்கோ நிறுவனம் வழக்குப் போட்டதால் 2005-ல் பான்ஜூர் ஆனது. அவாஹி என்பது இதே வேலையை லினக்ஸில் செய்யும் திறமூல மென்பொருள். மடகாஸ்கரில் வாழும், உடம்பெல்லாம் கம்பளி ரோமம் கொண்ட ஒரு லெமூரின் பெயர் அது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குடைப்பெயர் ஜீரோகான்ஃப்.

அவாஹியை நிறுவிவிட்டேன். வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அவாஹி-டீமன், அவாஹி-யூட்டில்ஸ், லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் ஆகிய மூன்று பேக்கேஜ்களும் இருக்கட்டும். அப்புறம் அவாஹி-பிரவுஸ் கட்டளையை -ஏஆர்டி என்ற ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். ஏ என்றால் எல்லா வகைச் சேவையும். ஆர் என்றால் பெயரோடு முகவரி, போர்ட்டையும் கொண்டுவா. டி என்றால் கிடைத்ததைக் காட்டிவிட்டு முடித்துக்கொள். மேக்கில் டிஎன்எஸ்-எஸ்டி என்ற கட்டளை தயாராகவே இருக்கிறது.

லிஸ்டில் _ஐபிபி._டிசிபி என்று வந்தால் பிரிண்டர், _எஸ்எம்பி._டிசிபி என்றால் ஃபைல் பகிர்வு, _கூகுள்காஸ்ட்._டிசிபி என்றால் டிவியோ காஸ்ட் செய்யும் கருவியோ. முதல் தடவை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு வீட்டில் இத்தனை பொருட்கள் பேசிக்கொண்டிருக்கின்றனவா என்று கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும்.

அவாஹி-ரிசால்வ் கட்டளையில் பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்கிறது. ஆனால் பிங் அடித்தால் "பெயர் தெரியாது" என்கிறது. ஏன்?

அவாஹியிடம் நேராகக் கேட்பது வேறு, சிஸ்டம் வழியாகக் கேட்பது வேறு. பிங், எஸ்எஸ்எச், பிரவுசர் எல்லாம் சிஸ்டத்திடம்தான் கேட்கும். சிஸ்டம் யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பது இடிசி அடைவில் உள்ள என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் இருக்கிறது. அதில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரி இந்த வரிசையில் இருக்க வேண்டும்:

ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் எம்டிஎன்எஸ்4_மினிமல் [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்] டிஎன்எஸ்

வலது பக்கம் இருப்பதை இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார். இல்லையென்றால் எம்டிஎன்எஸ்-இடம் கேள். அது டாட் லோக்கல் பெயருக்குப் பொறுப்பேற்று "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லிவிட்டால் அங்கேயே நிறுத்து, இன்டர்நெட் டிஎன்எஸ் வரை போய்த் தொந்தரவு செய்யாதே. அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்த "நிறுத்து"தான். டிஎன்எஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் எம்டிஎன்எஸ்-ஐ எழுதினால் பெயர் பல விநாடி தாமதித்து வரும், அல்லது வரவே வராது. டெபியனில் லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் பேக்கேஜை நிறுவும்போதே இந்த வரி சரியாகிவிடும். ஆனால் யாரோ ஒருவர் முன்பு கையால் திருத்திவைத்திருந்தால் தொல்லைதான். பெரும்பாலும் அந்த யாரோ நாமேதான்.

மினிமல் என்ற சொல்லுக்கும் அர்த்தம் உண்டு. அது ஒற்றைப் பெயரோடு டாட் லோக்கல் வரும் முகவரிகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். "பிரிண்டர்.மாடி.லோக்கல்" என்று நடுவில் இன்னொரு பெயரைச் செருகினால் கைவிரித்துவிடும்.

என்எஸ்லுக்கப் போட்டுப் பார்த்தேன், டாட் லோக்கல் பெயர் கிடைக்கவில்லை.

கிடைக்காது. என்எஸ்லுக்கப்பும் அதே வேலை செய்யும் டிக் கட்டளையும் மேலே சொன்ன கோப்பைப் பார்ப்பதில்லை. டிஎன்எஸ் சர்வரிடம் நேரே போகும். பதிலாக கெட்டென்ட் ஹோஸ்ட்ஸ் என்று அடித்துப் பெயரைக் கொடுங்கள். அதில் வந்தால் சிஸ்டம் முழுக்க வந்த மாதிரி.

ராஸ்பெரி பையில் ஒரு வெப் பக்கம் ஓடுகிறது. அதை எல்லோருக்கும் அறிவிப்பது எப்படி?

இடிசி அடைவில் அவாஹி, அதற்குள் சர்வீசஸ் என்ற அடைவு இருக்கும். அங்கே டாட் சர்வீஸ் என்று முடியும் சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை வைத்தால் போதும். வெளியே சர்வீஸ்-குரூப் என்ற டேக். அதற்குள் நேம், பிறகு சர்வீஸ். சர்வீஸுக்குள் டைப்பும் போர்ட்டும். டைப்பில் _எச்டிடிபி._டிசிபி, போர்ட்டில் 8080 என்று கொடுங்கள். நேம் டேகில் ரீப்ளேஸ்-வைல்ட்கார்ட்ஸ் என்ற பண்பை யெஸ் ஆக்கிவிட்டு, பெயருக்குள் %எச் என்று எழுதினால் அந்த இடத்தில் கணினியின் பெயர் தானாக வந்து உட்காரும். ஒரே கோப்பைப் பத்துக் கணினிகளில் காப்பி செய்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ரீஸ்டார்ட் வேண்டாம். அவாஹி அந்த அடைவைக் கவனித்துக்கொண்டே இருக்கும்; கோப்பைச் சேமித்த மறு விநாடி லாகில் சேவை நிலைபெற்றதாக ஒரு வரி வரும். வரவில்லையென்றால் எக்ஸ்எம்எல்-இல் எங்கோ ஒரு டேகை மூடாமல் விட்டிருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அந்தப் போர்ட்டில் உண்மையிலேயே யாராவது இருக்கிறார்களா என்று அவாஹி சரிபார்ப்பதில்லை. வெப் சர்வர் செத்துக் கிடந்தாலும் "8080-ல் கடை திறந்திருக்கிறது" என்று கூவிக்கொண்டேயிருக்கும். கோப்பில் எழுதியதுதான் அதற்கு வேதம்.

பிரிண்டருக்கு இப்படிக் கோப்பு எழுத வேண்டியதில்லை. லினக்ஸின் பிரிண்ட் மென்பொருளான கப்ஸில் பிரிண்டரைப் பகிர்ந்தால் அதுவே அவாஹி வழியாக அறிவித்துக்கொள்ளும், ஐபோன் எதிர்பார்க்கும் கூடுதல் விவரங்கள் உட்பட. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் கையாலும் ஒரு கோப்பு எழுதிவைத்தால் ஒரே பிரிண்டர் இரண்டு தடவை தெரியும்.

சேவைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. சேவையின் பெயர் எல்லா மொழிகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 எழுத்துகளில் இருக்கலாம், நடுவில் இடைவெளியும் வரலாம் என்று தரநிலையே சொல்கிறது. எங்கள் மேல்மாடி பிரிண்டரின் பெயர் "மாடி பிரிண்டர்"தான். மேக்கிலும் லினக்ஸிலும் ஒழுங்காகத் தெரிகிறது.

கணக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கும். பெயருக்கு உச்சவரம்பு 63 பைட். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ஆக, மொத்தம் 21 குறியீடுகள்தான் கிடைக்கும். "மாடி பிரிண்டர்" என்பதற்கு 13 தமிழ்க் குறியீடுகள், ஓர் இடைவெளி: 40 பைட். சரி, அடங்கிவிட்டது. "கணக்குப் பிரிவு கலர் பிரிண்டர்" என்று ஆசைப்பட்டால் 63-ஐத் தாண்டிவிடும்.

இது சேவையின் பெயருக்கு மட்டும். கணினியின் பெயரை, அதாவது டாட் லோக்கலுக்கு முன்னால் வருவதை, ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைப்பின் பெயரும் அப்படித்தான். அடிக்கோட்டைத் தவிர்த்து 15 எழுத்துக்குள்.

அவாஹியை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டு நிமிடத்தில் காணாமல் போகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இரண்டு நிமிடம் என்று சொன்ன மாத்திரத்தில் விடை பாதி கிடைத்துவிடுகிறது.

அவாஹி எழுந்தவுடன் முதலில் தான் வைத்திருக்கும் பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கால் விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். எதிர்ப்பு வராவிட்டால், "நான்தான் இன்னார், என் முகவரி இது" என்று தானாகவே அறிவிக்கும். யாரும் கேட்காமலே போகிற அறிவிப்பு இது. மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். கணினிப் பெயருக்கான ஆயுள் 120 விநாடி. யாருக்காவது அந்தப் பெயர் தொடர்ந்து தேவைப்பட்டால், ஆயுளில் 80 சதவீதம் கழிந்ததும், அதாவது சுமார் 96-வது விநாடியில், "இன்னும் இருக்கிறாயா?" என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் 85, 90, 95 சதவீதத்தில் மறுபடி. அப்போதும் பதில் இல்லையென்றால் 120-ல் பெயரை அழித்துவிடுவார்கள்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். வெளியே போகிற அறிவிப்பு போகிறது. உள்ளே வர வேண்டிய கேள்விதான் வரவில்லை. வாய் நன்றாக இருக்கிறது, காது அடைத்திருக்கிறது. பத்துக்கு எட்டுத் தடவை இது அந்தக் கணினியின் ஃபயர்வால்: யூடிபி 5353 உள்வரவை அது தடுக்கிறது. ஃபயர்வால்டி இருந்தால் எம்டிஎன்எஸ் என்ற பெயரிலேயே தயாராக ஒரு சேவை உண்டு, அதை அனுமதியுங்கள். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தன் ஆரம்ப விதிகளிலேயே 224.0.0.251-க்கு வழி விட்டிருக்கும். நீங்களாகவே ஐபிடேபிள்ஸ் விதி எழுதியிருந்தால் அங்கே தேடுங்கள். மீதி இரண்டு தடவை குற்றவாளி நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்தப் பக்கம் அடைபடுகிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி?

இரண்டு கணினியிலும், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்-ஐத் திறந்து யூடிபி போர்ட் 5353-ஐ மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒன்றில் அவாஹி-பிரவுஸ் ஓட்டுங்கள். கேட்ட கணினியின் திரையில் கேள்வி வெளியே போவது தெரிகிறது, அடுத்த கணினியின் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், குறை நடுவில்: ஸ்விட்ச், ரவுட்டர், வைஃபை. அடுத்த திரையிலும் கேள்வி தெரிகிறது, ஆனால் பதில் இல்லை என்றால், குறை அந்தக் கணினியில். டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும் என்பதால், அதில் தெரிந்தும் அவாஹி மௌனமாக இருந்தால் ஃபயர்வாலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கான்ஃப் கோப்பைத் திருத்துவதும் ரீஸ்டார்ட் செய்வதுமாக ஒரு சாயங்காலம் முழுக்க நான் உட்கார்ந்திருந்தது உண்டு. இந்தச் சோதனைக்கு மூன்று நிமிடம் ஆகிறது.

பிரிண்டரை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. இன்னும் லிஸ்டில் இருக்கிறது. க்ளிக் செய்தால் மட்டும் வரவில்லை.

ஒழுங்காக அணைத்தால் பிரிண்டர் ஆயுளைப் பூஜ்யமாக வைத்து ஒரு விடைபெறும் பாக்கெட் அனுப்பும். எல்லோரும் உடனே பெயரை அழிப்பார்கள். கரண்ட் போனால், அல்லது சுவர் ஸ்விட்சைத் தட்டினால், சொல்லிக்கொள்ள நேரம் ஏது? இந்த வகையில் "இப்படி ஒரு பிரிண்டர் உண்டு" என்ற பதிவின் ஆயுள் 75 நிமிடம். எந்தக் கணினி, எந்தப் போர்ட் என்ற பதிவின் ஆயுளோ 2 நிமிடம். அதனால்தான் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. காத்திருங்கள், தானே போய்விடும்.

என் கணினியின் பெயர் தானாகவே "-2" என்று மாறிவிடுகிறது. சில நாளில் "-3".

அதே பெயரில் இன்னொருவர் பதில் சொல்கிறார் என்று அவாஹி நினைக்கிறது. உண்மையிலேயே இருக்கலாம்: ஒரே எஸ்டி கார்டைப் படியெடுத்து இரண்டு பையில் போட்டால் இரண்டுமே ராஸ்பெரிபை.லோக்கல்தான். ஒன்றின் ஹோஸ்ட் பெயரை மாற்றுங்கள்.

அப்படி யாரும் இல்லையா? கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு கதவு வழியாகப் போன தன் குரலே இன்னொரு கதவு வழியாகத் திரும்பி வந்து அவாஹியைக் குழப்பும். அவாஹி-டீமன்.கான்ஃப் கோப்பின் சர்வர் பகுதியில் அலவ்-இன்டர்ஃபேசஸ் என்ற வரிக்கு ஈடிஎச்0 (கேபிள் இணைப்பின் இன்டர்ஃபேஸ் பெயர்) என்று மட்டும் கொடுத்தால் அடங்கிவிடும். ஒரு நெட்வொர்க்கில் கேட்டதை இன்னொன்றில் திரும்பக் கூவும் ரிஃப்ளெக்டர்கள் இரண்டு ஒன்றையொன்று எதிரொலித்தாலும் இதே நோய்தான்.

டாக்கர் போட்ட பிறகு, என் கணினியின் டாட் லோக்கல் பெயரை அதே கணினியில் கேட்டால் 172.17.0.1 என்று வருகிறது.

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள். நீங்கள் பார்ப்பது, அது தனக்காக உருவாக்கிக்கொண்ட பிரிட்ஜ் என்ற உள் இணைப்பின் முகவரி. அவாஹிக்கு அதுவும் ஓர் இன்டர்ஃபேஸ்தான், அங்கேயும் போய் அறிவிக்கிறது. மேலே சொன்ன அலவ்-இன்டர்ஃபேசஸ் இங்கேயும் தீர்வு. டினை-இன்டர்ஃபேசஸ் என்று போட்டு டாக்கர்0-ஐ விலக்கலாம். ஆனால் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் புதிய பெயரில் இன்டர்ஃபேஸ் முளைக்கும் என்பதால், வேண்டாததை விலக்குவதைவிட வேண்டியதை மட்டும் சேர்ப்பது மேல்.

எதிர்த்திசையில் இன்னொரு சிக்கல். கன்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்கு வெளியே நடக்கும் மல்டிகாஸ்ட் எதுவும் கேட்காது. வீட்டுக் கருவிகளைத் தேடும் ஹோம் அசிஸ்டன்ட் போன்றவற்றை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். கன்டெய்னர் அல்பைன் என்ற சிறிய லினக்ஸின் மேல் கட்டியதாக இருந்தால் அதற்குள் டாட் லோக்கல் பெயர் தீரவே தீராது. என்எஸ்ஸ்விட்ச் ஏற்பாடே அதன் மசில் லைப்ரரியில் கிடையாது.

கேபிளில் இருக்கும் கணினிகள் பிரிண்டரைப் பார்க்கின்றன. வைஃபையில் இருக்கும் போன்கள் பார்க்கவில்லை.

வரிசையாகப் போவோம். முதலில், போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா? கெஸ்ட் நெட்வொர்க்கின் நோக்கமே உங்கள் பிரிண்டரைக் கண்ணில் காட்டாமல் இருப்பதுதான். அடுத்து, ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன் என்ற பெயர்களில் ஏதாவது டிக் ஆகியிருக்கிறதா? அது வைஃபையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதைத் தடுக்கும். பிரிண்டரும் வைஃபையில் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இவை இரண்டும் இல்லையென்றால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். மல்டிகாஸ்டைக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பி நெரிசலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். 224.0.0 வரிசையை மட்டும் விதிவிலக்காக எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இந்த விதிவிலக்கைச் சில மலிவு ஸ்விட்சுகளும் ரவுட்டர்களும் மறந்துவிடுகின்றன. நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் மாடியில் இருந்த ரவுட்டர் அப்படிப்பட்டது. போட்ட புதிதில் ஓடும், சில நிமிடங்களில் ஊமையாகிவிடும். அமைப்புகளுக்குள் நாலு மெனு ஆழத்தில் இருந்த ஸ்னூப்பிங்கை அணைத்ததும் சரியானது. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது, அடுத்த ஃபர்ம்வேரில் திருத்தியிருப்பார்கள்.

சில நேரம் தெரிகிறது, சில நேரம் தெரியவில்லை என்றால் காரணம் வைஃபையின் இயல்பு. போனில் இருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போகிற பாக்கெட்டுக்கு "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புதல் உண்டு. ஆக்சஸ் பாயின்ட் எல்லோருக்குமாக வீசும் மல்டிகாஸ்டுக்கு ஒப்புதல் கிடையாது; தொலைந்தால் தொலைந்ததுதான், திரும்ப அனுப்ப மாட்டார்கள். கடைசி மூலையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று மிகக் குறைந்த வேகத்தில் வேறு அனுப்புகிறார்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 எம்பிபிஎஸ் வரைக்கும் இறங்கும். சில ரவுட்டர்களில் மல்டிகாஸ்டை, ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும் யூனிகாஸ்டாக மாற்றி அனுப்பும் ஆப்ஷன் இருக்கும். இருந்தால் போடுங்கள்.

கடைசியாக, போனையே பாருங்கள். 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-ல் இருந்து ஒவ்வொரு ஆப்பும் லோக்கல் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி கேட்கிறது. அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டிவிட்டால் அந்த ஆப்புக்கு நெட்வொர்க்கில் ஈ காக்கைகூடத் தெரியாது. மேக்கிலும் 2024-ல் செக்கோயாவோடு இதே கேள்வி வந்துவிட்டது.

விண்டோஸின் நெட்வொர்க் பக்கத்தில், சாம்பா மூலம் ஃபைல் பகிரும் என் லினக்ஸ் கணினி தெரியவில்லை. அவாஹி ஓடுகிறதே?

அந்தப் பக்கம் கேட்பது வேறு பாஷை: டபிள்யூஎஸ்-டிஸ்கவரி. முகவரி 239.255.255.250, யூடிபி போர்ட் 3702. முன்பு, விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 காலத்தில், நெட்பயாஸ் என்ற ஏற்பாடு இந்த வேலையைச் செய்தது. எஸ்எம்பி1-ஐ விண்டோஸ் 10 கைகழுவியபோது அதுவும் போனது. லினக்ஸ் பக்கம் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன நிரலை நிறுவுங்கள், தெரியும். விண்டோஸ் பக்கம் நெட்வொர்க் புரொஃபைல் பப்ளிக் என்றிருந்தால் பிரைவேட் ஆக மாற்றுங்கள்.

டாட் லோக்கல் பெயரைத் தீர்க்க மட்டும் விண்டோஸ் 10, 11-க்குத் தெரியும். ஆகவே ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் பெயரை நேராக அடித்தால் திறந்துவிடும். பலருக்கு அதுவே போதும்.

எங்கள் அலுவலக டொமைனே டாட் லோக்கல் என்றுதான் முடிகிறது. இப்போது என்ன?

பாவம். ஒரு காலத்தில் விண்டோஸ் அலுவலக நெட்வொர்க்குக்கு ஆக்டிவ் டைரக்டரி அமைத்தவர்களில் பலர் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் 2013-ல் ஆர்எஃப்சி 6762 அதை எம்டிஎன்எஸ்-க்கென்று ஒதுக்கிவிட்டது. உங்கள் டிஎன்எஸ் சர்வர் லோக்கல் என்ற டொமைனுக்குத் தானே உரிமையாளர் என்று சொன்னால் மேலே சொன்ன எம்டிஎன்எஸ்4_மினிமல் ஒதுங்கிக்கொள்ளும். அலுவலகப் பெயர்கள் பிழைக்கும், எம்டிஎன்எஸ் பெயர்கள் போகும். டொமைனை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. அது பெரிய வேலை என்பதால் யாரும் செய்வதில்லை. புதிதாக வீட்டுக்கு டிஎன்எஸ் அமைப்பவர்கள் ஹோம்.ஆர்பா என்பதைப் பயன்படுத்துங்கள். 2018-ல் வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கப்பட்டது.

லினக்ஸில் பெயர் தீர்க்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டி என்ற நிரலும் எம்டிஎன்எஸ் செய்யுமாமே. அவாஹி எதற்கு?

செய்யும். ரிசால்வ்டி.கான்ஃப் கோப்பில் மல்டிகாஸ்ட்டிஎன்எஸ் என்பதை யெஸ் ஆக்கி, அந்த இன்டர்ஃபேஸிலும் தனியாக அனுமதிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. பெயர் தீர்க்க மட்டும் என்றால் அதுவே போதும். கப்ஸ் பிரிண்டரை அறிவிக்க வேண்டுமென்றால் அவாஹி வேண்டும். இரண்டையும் முழுதாக ஓடவிட்டால், இந்தக் கணினியில் இன்னொரு எம்டிஎன்எஸ் அடுக்கு ஓடுகிறது, நம்பகமாக இருக்காது என்று அவாஹி லாகில் எச்சரிக்கும். நான் அவாஹியை வைத்துக்கொண்டு ரிசால்வ்டியில் அந்த வசதியை அணைத்துவிடுகிறேன்.

பிரிண்டர் ஒரு விலானில், ஆட்கள் இன்னொரு விலானில். என்ன செய்யலாம்?

விலான் என்பது அதே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க். இரண்டு விலானிலும் கால் வைத்திருக்கும் ஒரு கணினி, பெரும்பாலும் ரவுட்டரே, இங்கே கேட்டதை அங்கே திரும்பக் கூவ வேண்டும். அவாஹியின் கான்ஃப் கோப்பில் ரிஃப்ளெக்டர் என்ற பகுதியில் எனேபிள்-ரிஃப்ளெக்டரை யெஸ் ஆக்குங்கள். அலவ்-இன்டர்ஃபேசஸில் அந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். மறந்தால் இன்டர்நெட் பக்கத்துக்கும் கூவும்.

இதோடு நின்றுவிட்டால் பெயர் தெரியும், பிரிண்ட் போகாது. ரிஃப்ளெக்டர் கடத்துவது அறிமுகத்தை மட்டும்தான். உண்மையான பிரிண்ட் வேலை டிசிபி 631-ல் நடக்கிறது. அதற்கு விலான்களுக்கு நடுவே ஃபயர்வாலில் தனியாக வழி விட வேண்டும். கல்லூரி வளாகம் மாதிரி பெரிய இடமென்றால் ரிஃப்ளெக்டரை நம்பாதீர்கள், கூச்சல் தாங்காது. அதே சேவைப் பதிவுகளைச் சாதாரண டிஎன்எஸ் சர்வரில் எழுதிவைக்கலாம், டிஎன்எஸ்-எஸ்டி அதற்கும் இடம் கொடுக்கிறது.

முகவரி 169.254 என்று தொடங்குகிறது. இதிலும் வேலை செய்யுமா?

செய்யும். முகவரி வழங்கும் டிஎச்சிபி கிடைக்காதபோது கணினி தானே எடுத்துக்கொள்ளும் முகவரி அது. இரண்டு லேப்டாப்பை ஒரே கேபிளால் இணைத்தாலும் டாட் லோக்கல் பெயரால் பேசிக்கொள்ளலாம். இன்டர்நெட் மட்டும் வராது.

பாதுகாப்பு எப்படி?

நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். யார் சொன்னது என்று சரிபார்க்கும் ஏற்பாடு எம்டிஎன்எஸ்-இல் இல்லை. வீட்டில் பரவாயில்லை. காபி கடை வைஃபையில் உங்கள் சொந்தப் பெயரைத் தாங்கிய லேப்டாப் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

2024 செப்டம்பரில் வெளியான, கப்ஸ்-பிரவுஸ்டு என்ற நிரலின் பாதுகாப்பு ஓட்டை நல்ல பாடம். அந்த நிரல் யூடிபி 631-ல் யார் சொன்னாலும் "இங்கே ஒரு பிரிண்டர் இருக்கிறது" என்பதை நம்பியது. போலி பிரிண்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டால், யாராவது அதற்குப் பிரிண்ட் கொடுக்கும்போது தாக்குபவரின் கட்டளை ஓடும். இன்றைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு அந்த நிரலே தேவையில்லை; தேவையில்லாத இடங்களில் நான் அதை நீக்கிவிட்டேன். 5353-ஐ இன்டர்நெட் பக்கம் திறந்துவைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கிளவுட் சர்வரில் அவாஹி தேவையில்லை என்று நிறுத்தினேன். மறுபடி எழுந்துவிடுகிறதே?

அவாஹி-டீமன்.சர்வீஸை மட்டும் நிறுத்தியிருப்பீர்கள். அவாஹி-டீமன்.சாக்கெட் என்று இன்னொன்று கதவருகே உட்கார்ந்திருக்கிறது; யாராவது தட்டினால் சர்வீஸை எழுப்பிவிடும். சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் என்று அடித்து இரண்டின் பெயரையும் ஒரே வரியில் கொடுங்கள்.